பின்சீட்டுக் குரலுக்கு ஒரு கோடு

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை இருந்தது. அங்கே ஞானம் கிடைக்கும் என்று யாரும் போர்டு வைக்கவில்லை. லாரிகளுக்கு ஒயரிங், ஹாரன், ஹெட்லைட் வேலை பார்க்கப்படும், பைக்குகளுக்குப் பாட்டு செட்டு பொருத்தித் தரப்படும் என்றுதான் பெயின்டில் எழுதியிருந்தது.

பட்டறையை நடத்தியவள் தெய்வானை. வயது முப்பத்து நான்கு. ஒயர் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, சொந்தமாகக் கடை போட்டவள். அதிகம் பேசமாட்டாள். முரட்டு லாரிக்காரர்கள்கூட அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த சீடனுக்கு ஐம்பது வயது. பெயர் சென்னியப்பன். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிப் பாதி இந்தியாவைப் பார்த்தவன். ஒரு வருஷமாக அவனால் எந்த வண்டியையும் ஒழுங்காக ஓட்ட முடியவில்லை. காலியாகக் கிடக்கிற ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்துவிடுவான். ஏன் என்று கேட்டால் முழிப்பான். மூன்று முதலாளிகள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று தெய்வானையிடம் வந்து சேர்ந்தான்.

ஒரு புதன்கிழமை காலை, வந்ததும் வராததுமாக அவன் கேட்டான்.

"மாஸ்டர், நம்ம பைக்குக்கு ஒரு செட்டு போடோணுங்க."

தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதன் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட அவள் கேட்டதில்லை.

"எதுக்குங்ணா?"

"சும்மாதாங்க. வழியில பொழுது போகோணுமில்ல."

வீட்டிலிருந்து பட்டறைக்குப் பத்து நிமிஷ வழி. அதில் போக்குவதற்கு என்ன பொழுது இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"எப்பத்திக்குள்ள?"

"வெள்ளிக்கிழமைக்குள்ளீங்க. நல்லா சத்தமா இருக்கோணும்."

வெள்ளிக்கிழமை அவன் மச்சினன் நல்லசிவத்துக்கு வருஷ திதி.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ஒரே பைக்கில் திரும்பினார்கள். சென்னியப்பன் ஓட்டினான். பின்னால் நல்லசிவம், புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். ராசிபுரம் ரோட்டில் வேட்டி முனை காற்றில் அவிழ்ந்து பின்சக்கரத்தில் மாட்டியது. "மாமா, நிறுத்துங்க" என்று நாலு தடவை கத்தினான் என்று, ரோட்டோரம் இளநீர் விற்ற அம்மாள் பிறகு சொன்னாள். சென்னியப்பன் நிறுத்தவில்லை. இரண்டு பேரும் வண்டியோடு விழுந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நல்லசிவம் போய்விட்டான்.

"பின்னாலேயே ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே வந்தான். ஒண்ணுமே கேக்கலீங்க." போலீசிடமும் மாமனாரிடமும் சென்னியப்பன் சொன்னது இதுதான்.

லாரி எதுவும் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளே அவன் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டியிருந்தான். கல்யாண வீட்டுச் சாப்பாடு, மத்தியான வெயில், தூக்கம் வராமல் இருக்கப் பாட்டு. அவ்வளவுதான். அந்த இயர்போன் அன்றைக்கு எங்கே போனதென்று அவனுக்குத் தெரியவில்லை. ரோட்டில் போய்த் தேடினான், கிடைக்கவில்லை. யார் கையில் கிடைத்திருக்கிறதோ என்று பயந்தான்.

அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்காத குரல், அதற்குப் பிறகு தினமும் கேட்க ஆரம்பித்தது. வண்டி நாற்பதைத் தொட்டால் போதும். காதுக்குப் பக்கத்தில் வந்து, "மாமா, நிறுத்துங்க." உடனே அவன் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும்.

ஒரு வருஷமாக அவன் பின்னால் யாரும் உட்காரவில்லை. மனைவி பாவாயி, தன் தம்பி போன நாளிலிருந்து, சோறு போடட்டுமா, தண்ணி வந்திருச்சு என்பதைத் தாண்டி அவனிடம் எதுவும் பேசுவதில்லை. பிறந்த ஊருக்கு பஸ்ஸில்தான் போய்வருவாள். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வண்டியிலயே போயிரலாங்க."

"சரி" என்றான். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை. அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் செட்டு. காதில் எதையும் மாட்டுவதில்லை என்று மச்சினன் சிதைக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தான். வண்டியில் மாட்டினால் சத்தியத்துக்கு ஒன்றும் ஆகாது. தன் புத்திசாலித்தனத்தை அவனே மெச்சிக்கொண்டான்.

தெய்வானை ஐந்தாறு பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தாள். எல்லாம் ஹேண்டில்பாரில் பூட்டுகிற வட்ட ஸ்பீக்கர்கள். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய எண் போட்டதை எடுத்தான்.

"இதுங்க மாஸ்டர். ஆயிரம் வாட்டு."

"பைக்கு பேட்டரி எத்தன வோல்ட்டுங்ணா?"

"பன்னெண்டு."

"அதுல ஆயிரம் வாட்டு எடுத்தா பேட்டரி என்னாகும்?"

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். "வெந்துருமுங்க."

"உங்களுக்குத் தெரியுது. அட்டை அடிச்சவனுக்குத் தெரியல."

அவள் அட்டைகளைத் தூரப் போட்டாள். ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பழைய பேட்டரியில் கொடுத்துப் பாட வைத்தாள். கூடவே அவன் பைக்கையும் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தான் பாடும். இஞ்சின் ஓடறப்ப எது பாடுதுன்னு பாருங்க."

பெரிய எண் போட்டதெல்லாம் கரகரத்தது. நடுத்தரமான ஒன்று, இஞ்சின் சத்தத்துக்கு மேலே வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகப் பாடியது. ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்காத ரப்பர் வளையம். பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பட்டன் வைத்த செட்டை தெய்வானை வாங்கி வைப்பதே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நினைத்துத்தான் சென்னியப்பனுக்கு நடுக்கம்.

"இதைப் பூட்டுங்க. நீங்களே பூட்டுங்ணா."

அவன் சாயங்காலம் வரை உட்கார்ந்து பூட்டினான். டேங்கைக் கழற்றி ஒயரை அடியில் விட்டான். ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, ஒயர் இழுபடாமல் தளர்ச்சி விட்டான். ஃபியூஸ் போட்டான். வேலை சுத்தம் என்று எண்ணிக்கொண்டு மாஸ்டரைக் கூப்பிட்டான்.

தெய்வானை குனிந்து பார்த்தாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு திருகைத் திருப்பினாள். சாவி இல்லாமலே செட்டு பாடியது.

"பேட்டரியில டைரக்டாக் குடுத்துட்டீங்க."

"லாரியில அப்படித்தானுங்களே மாஸ்டர்."

"லாரி பேட்டரி ரெண்டு ஆள் தூக்கறது. இது கை அகலம். ஒரே ராத்திரியில இறங்கிரும்."

"சாவியில குடுத்தா, வண்டி ஆஃப் ஆனா பாட்டும் ஆஃப் ஆயிருமுங்க."

"ஆகட்டுமே. அப்ப என்ன?"

வண்டி நின்றிருக்கும்போதுகூட அமைதி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் பேட்டரியிலிருந்து அந்தச் சிவப்பு ஒயரைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போனாள். மறுநாள் காலை அவன் நடுவில் ரிலே என்கிற சின்ன சுவிட்சு ஒன்று வைத்து, சாவி வழியாகக் கொடுத்தான்.

இப்போது மாஸ்டரின் வழக்கம் ஒன்று பாக்கி.

செட்டு பூட்டிய எந்த பைக்கையும் தெய்வானை சும்மா அனுப்பமாட்டாள். வண்டிக்காரன் பின்னால் ஏறி உட்காருவாள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எடைமேடை வரைக்கும் போய்த் திரும்பச் சொல்வாள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லிவிட்டு, பின்னால் இருந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வருவாள். உங்க பேரு என்ன, ஊர்ல மழையா, இப்படி. ஓட்டுகிறவன் பதில் சொல்லவேண்டும். எந்த இடத்தில் அவன் பதில் நிற்கிறதோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் திருகில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போடுவாள். அதைத் தாண்டித் திருப்பாதீங்க என்பாள். இளவட்டங்கள் பைபாஸ் ஏறியதும் கோட்டைச் சுரண்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் போடாமல் விட்டதில்லை. பட்டனில் கோடு போட முடியாது, அதனால்தான் திருகு.

"வண்டியை எடுங்ணா."

"நமக்கு எதுக்குங்க மாஸ்டர்? நான் பாத்துத் திருப்பிக்கறேன்."

"எடுங்க."

வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. சென்னியப்பன் ஹெல்மெட்டை மாட்டினான். வாரைப் போட இரண்டு தடவை தவறியது. அவள் பின்னால் ஏறியபோது ஷாக் அப்சர்பர் அமுங்கியதை முதுகெலும்பில் உணர்ந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு ஆள். ஓட்ட முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் நாளைக்குப் பாவாயியிடம் என்ன சொல்வது? வண்டியை எடுத்தான்.

பாட்டைக் கூட்டினான். தெய்வானை ஏதோ கேட்டாள், ஏதோ பதில் சொன்னான். முள் நாற்பதைத் தொட்டது.

"மாமா, நிறுத்துங்க."

பிரேக் அடித்தான். அவள் நெற்றி அவன் ஹெல்மெட்டில் இடித்தது. பின்னால் வந்த மினி பஸ் ஒடித்துத் திருப்பி, டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

தெய்வானை நெற்றியைத் தடவிக்கொண்டாள். அவன் மறுபடி எடுத்தான். திருகை இன்னும் திருப்பினான். பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் மறுபடி அதே குரல், அதே பிரேக். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நாளைக்கு இங்கே பாவாயி உட்கார்ந்திருப்பாள். திருகைக் கடைசி வரைக்கும் முறுக்கினான். பாட்டு காதை அறைந்தது. இனி என்ன குரல் கேட்டாலும் பிரேக்கைத் தொடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

குரல் வந்தது. பாட்டுக்கு அடியில், மெலிதாக, "நிறுத்துங்க." அவன் நிறுத்தவில்லை. மறுபடி வந்தது. நிறுத்தவில்லை. மறுபடியும், மறுபடியும். அவன் நிறுத்தவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தான். அப்போது அவன் தோளில் ஒரு அடி விழுந்தது.

வண்டியை ஓரம் கட்டினான். தெய்வானை இறங்கினாள். அவளுடைய வலது காலில் செருப்பு இல்லை.

"செருப்பு விழுந்துருச்சுங்ணா. நாலு தடவை கூப்பிட்டேன்."

பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், ரோட்டு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியாக அது கிடந்தது. வாரை அவளே தளர்த்திக் கழற்றிவிட்டாளா, தானாகக் கழன்றதா என்று அவன் கடைசிவரை கேட்கவில்லை.

நாலு தடவை என்ற சொல்தான் அவனை உடைத்தது. சென்னியப்பன் அப்படியே மைல்கல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். சொல்லக்கூடாது என்று ஒரு வருஷம் வைத்திருந்ததை லாரிகள் இரைந்துகொண்டு போகிற ரோட்டில் சொன்னான். இயர்போனைச் சொன்னான், இல்லாத லாரியைச் சொன்னான், தினமும் வருகிற குரலைச் சொன்னான். தெய்வானை தார்ச் சூட்டில் ஒரு காலைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுல தெரியுமுங்களா?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

அவள் நடந்துபோய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். அதுவரை அவன் ஒரே கேள்வியை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், நெசமான குரல் எது, எம்மனசுல வர்ற குரல் எதுன்னு எப்படீங்க கண்டுபிடிக்கறது? பொய்க்கு நிறுத்தறேன், நெசத்துக்கு நிறுத்தாம போறேன். ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்குது."

"எனக்குந் தெரியாதுங்ணா."

அவன் முகம் விழுந்துவிட்டது.

"பின்னாடி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கறப்ப, நீங்க எதுக்கு ஒத்தையா முடிவு பண்றீங்க?" என்றாள் தெய்வானை. "திரும்பி விசாரிங்க. கூப்பிட்டேன், கூப்பிடலைன்னு சொல்றதுக்கு அங்க ஒரு வாய் இருக்குதுல்ல."

திரும்பும்போது சத்தத்தைப் பாதியில் வைத்தான். பங்கைத் தாண்டியதும் குரல் வந்தது. கால் பிரேக்குக்குப் போனது. மிதிக்காமல் வைத்துக்கொண்டு, வாய் உலர, கேட்டான்.

"மாஸ்டர், கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்ணா."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. இதற்குப்போய் யாராவது அழுவார்களா? சென்னியப்பன் ஹெல்மெட்டுக்குள் அழுதான்.

பட்டறையில் அவன் திருகைக் காட்டி நின்றான். கோடு போடுவாள் என்று பார்த்தால், தெய்வானை நெயில் பாலிஷ் பாட்டிலை அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"எங்குரலுக்குக் கோடு போட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகுது? நாளைக்கு உட்கார்றவங்க போடட்டும்."

"அவ பேசமாட்டாளுங்க, மாஸ்டர்."

"நீங்க பேசுனீங்களா?"

அவன் பாட்டில் விழாமல் சட்டைப் பையின் பட்டனைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பாவாயி தயாராக வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். கையில் பூஜை சாமான் பை. இரண்டு பேரும் சக்கரத்தை ஒருமுறை பார்த்தார்கள். பார்த்ததை இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் எல்லை தாண்டும்வரை பாட்டில்லாமலே ஓட்டினான். பிறகு மெதுவாகச் செட்டைப் போட்டான்.

"பாவாயி, இது எங்க மாஸ்டரோட பழக்கம். நான் சத்தத்தைக் கூட்டிட்டே வருவேன். நீ ஏதாச்சும் பேசிட்டே வரோணும். எங்க எனக்குக் கேக்காமப் போகுதோ, அங்க கோடு."

"என்ன பேசறது?"

"என்னமோ ஒண்ணு."

பாவாயி பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு, "எதிர்வீட்டு எருமை கன்னு போட்டிருக்குது" என்றாள். "கிடாரிக் கன்னு." அவன் "ம்" என்றான். சத்தத்தைக் கூட்டினான். "சீம்பால் குடுத்தாங்க. உங்களுக்கு எடுத்து வெச்சேன், நீங்க குடிக்கல." அவன் "ம்" என்றான். இன்னும் கூட்டினான். அடுத்ததாக அவள் சொன்னது பாட்டில் கரைந்துபோனது. பயந்துபோய் உடனே குறைத்தான்.

அப்போது அது வந்தது. "மாமா, நிறுத்துங்க."

"கூப்பிட்டியா?"

"இல்லீங்க."

ஒரு பர்லாங் போயிருப்பார்கள்.

"கூப்பிட்டியா?"

"இல்லீங்களே."

மூன்றாவது தடவையும் அவன் கேட்டான். பாவாயி இந்தத் தடவை இல்லை என்று சொல்லவில்லை.

"யாருங்க உங்களை இப்படிக் கூப்பிட்டுட்டே இருக்கறது?"

சென்னியப்பன் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தான். சைகை காட்டி, நிதானமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். சாவியை எடுத்தான். செட்டும் நின்றது. அவன் திரும்பவில்லை. ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு லாரியே வரல, பாவாயி. காதுல பாட்டு மாட்டியிருந்தேன்."

அவள் இறங்கி நடந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அப்படி நடந்துவிட்டால்கூட நல்லது என்று தோன்றியது.

"தெரியுமுங்க" என்றாள் பாவாயி.

அவன் திரும்பினான்.

"ஆஸ்பத்திரியில உங்க சட்டையை அவுத்து எங்கையில குடுத்தாங்க. பையில இயர்போன் சுருண்டு கிடந்துச்சு. எங்கப்பா கண்ணுல பட்டா உங்களை வெட்டிப் போட்டிருப்பாரு. எடுத்து முந்தானையில முடிஞ்சு, வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

"இன்னும் இருக்குதா?"

"இருக்குது. தெனமும் அரிசி அளக்கறப்ப கையில படும்."

ஒரு வருஷம் அவன் தின்ற சோறெல்லாம் அந்தப் பானையிலிருந்து வந்தது.

"ஏன் பாவாயி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா சொல்லோணும்னு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் பாக்கலாம், அப்புறம் எங்கப்பன் வீட்டோட இருந்துக்கலாம்னுதான் வண்டியில போலாம்னு சொன்னேன்."

அவள் கையில் இருந்த பையை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். பூஜை சாமானுக்கு அது பெரிய பை. மேலாக அவளுடைய இரண்டு சேலைகள் தெரிந்தன.

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்லாம இருக்குமுங்களா? எந்தம்பி." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்டயும் நீங்களே சொல்லோணும். நான் பக்கத்துல நிக்கறேன். வண்டியை எடுங்க."

"நெயில் பாலிஷ் கொண்டாந்திருக்கேன்."

"போறப்ப பாட்டு வேண்டாம். வர்றப்ப போட்டுக்கலாம்."

வர்றப்ப என்ற வார்த்தையை அவன் அந்த வழி முழுவதும் வைத்துக்கொண்டு ஓட்டினான்.

சனிக்கிழமை பட்டறைக்கு வந்தபோது தெய்வானை முதலில் திருகைப் பார்த்தாள். கால்வாசியில், கொஞ்சம் கோணலாக, ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நடுங்குகிற வண்டியில் உட்கார்ந்தபடி போட்ட கோடு.

"அவங்க குரல் சின்னக் குரல்போல."

"ஆமாங்க. அவகிட்ட சொல்லிட்டேனுங்க மாஸ்டர். மாமனார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாருங்ணா?"

"ஒண்ணுஞ் சொல்லல. எந்திரிச்சுச் சோளக் காட்டுக்குள்ள போயிட்டாரு. படைக்கறப்பதான் வந்தாரு. எனக்கு எலை போடச் சொன்னாரு."

தெய்வானை தலையாட்டினாள். லாரி ஹெட்லைட் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து ஒயர் சீவ ஆரம்பித்தான். இரண்டு ஒயர் சீவினான். மூன்றாவதைச் சீவாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆனா அந்தக் குரல் நிக்கலீங்க."

அவள் ஹெட்லைட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

"காலையில வர்றப்பவும் வந்துச்சு. பிரேக் அடிக்கல, சொன்னாப்பல விசாரிச்சேன். பின்னாடி சீட்டு காலி. பதில் சொல்றதுக்கு ஆரு இருக்கறாங்க? எல்லார்கிட்டயும் சொன்னதுக்கு அப்புறமும் எதுக்குங்க மாஸ்டர் அவன் என்னைக் கூப்பிடறான்?"

தெய்வானை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நாலு தடவை கூப்பிட்டாரு, இல்லீங்ணா?"

"ஆமாங்க."

"ஒரு வருஷமா தெனமும் கூப்பிடறாரு."

"ஆமாங்க."

"ஒருக்காவாச்சும் நீங்க 'என்ன மாப்ளே'ன்னு சொன்னீங்களா?"

சென்னியப்பன் சீவாத ஒயரைக் கையில் பிடித்தபடி வெளியே நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தான். பின்சீட்டில் வெயில் விழுந்திருந்தது.